திருட்டுப் போன செல்போன் திரும்பக் கிடைச்சவங்க, கிடைக்காதவங்க ரெண்டு பேரும் சொல்லுங்க

கொங்குக்காரி

கோவை காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறுற நெரிசல்ல ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து போனை உருவிட்டாங்க. கண்டக்டர் போன்ல இருந்து கூப்பிட்டுப் பார்த்தோம். ரெண்டு ரிங் போச்சு, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

ஸ்டேஷன்ல, "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம்"னாங்க. புகார் வாங்கினதுக்குக் குடுக்கிற ரசீதுதான் அது. திருட்டுன்னு எழுதினா எஃப்.ஐ.ஆர். போடணும், அதுக்குத்தான் அந்த இழுப்பு. எனக்கு ரசீது கைக்கு வந்தாப் போதும்னு இருந்துச்சு, எழுதிக் குடுத்தேன்.

தொலைஞ்ச போனை முடக்குற அரசுத் தளமான சி.இ.ஐ.ஆர்.ல போனை பிளாக் பண்ணச் சொன்னதும் அங்க இருந்த ஏட்டையாதான். அதுக்குக் கேட்கிற ஐஎம்இஐ நம்பர், அதாவது போனோட அடையாள எண், பரண்ல கிடந்த போன் டப்பாவுல இருந்துச்சு. ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டையும் போடணும். ஆனா ஓடிபி வந்தாத்தான் ஃபார்ம் போகும். அதே நம்பருக்கு மாத்து சிம் வாங்கினா முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராதுன்னு கடையில சொல்லிட்டாங்க. அந்த ஒரு நாள் முழுக்க வயித்துல நெருப்பு.

அப்புறம் நானே மறந்துட்டேன். மாசக்கணக்குல கழிச்சு, உங்க போன் பயன்பாட்டுல இருக்கு, ஸ்டேஷனைத் தொடர்பு கொள்ளுங்கன்னு ஒரு மெசேஜ். போன் பல்லடம் பக்கம் ஒரு காலேஜ் பையன்கிட்ட இருந்திருக்கு. ஸ்டேஷன்ல இருந்து ஒரே ஒரு போன், அவனே கொண்டாந்து குடுத்துட்டான். போன் வந்துச்சு, உள்ள இருந்த அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் வித்திருக்காங்க.

உங்க கதையையும் சொல்லுங்க. போலீஸ் இதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்கன்னு தெரிஞ்சவங்க இருந்தா அதையும்.

பழைய ரைட்டர்

ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மணி கேட்டதற்குச் சொல்கிறேன்.

நிறைய பேர் நினைப்பது போல ஸ்கிரீனில் சிவப்புப் புள்ளி நகராது. ஸ்விட்ச் ஆஃப் ஆன போனை நாங்கள் தேடுவதில்லை, தேடவும் முடியாது. யாராவது ஒருவர் அதில் சிம் போடும்வரை காத்திருக்கிறோம். சிம் போட்டு ஆன் செய்த நிமிடமே போன் தன் ஐஎம்இஐ எண்ணை டவருக்குச் சொல்லிவிடும். எந்த ஐஎம்இஐ, எந்த சிம், எந்த டவர் என்பது சிம் கம்பெனிக்காரர்களிடம் பதிவாகும்.

முன்பெல்லாம் புகார்களைச் சேர்த்து எஸ்.பி. ஆபீஸ் சைபர் பிரிவுக்கு அனுப்புவோம். அங்கிருந்து ஒவ்வொரு கம்பெனிக்கும் மெயில் போகும். பதில் வரும்போது புகார் கொடுத்தவர் புதுப் போன் வாங்கி, அதையும் தொலைத்திருப்பார். 2023 மே மாதம் சி.இ.ஐ.ஆர். அடங்கிய சஞ்சார் சாத்தி தளம் நாடு முழுக்க வந்தபிறகு அந்த இழுபறி பெருமளவு குறைந்துவிட்டது. பிளாக் ஆன போனில் சிம் ஏறினால் அந்த நம்பர் விவரம் நேராக ஸ்டேஷனுக்கே வந்துவிடுகிறது. பிளாக் செய்துவிட்டால் போலீசால் தேட முடியாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை.

டவரை வைத்து வீட்டைச் சொல்ல முடியாது. டவுனில் நாலைந்து தெரு அளவுக்குச் சொல்லலாம், கிராமத்தில் சில கிலோமீட்டர் தள்ளிப் போகும். அதனால் நாங்கள் ஆளைப் பிடிப்பது சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான். அந்த ஆள் பெரும்பாலும் திருடன் அல்ல, செகண்ட் ஹேண்டில் வாங்கியவன். திருடன் வரை போவது அபூர்வம், அதை மறைக்க வேண்டியதில்லை. பறிப்பு வழக்கு, கொலை வழக்கு என்றால்தான் அந்த நேரத்து டவர் பதிவு முழுவதையும் வாங்கி அலசுவார்கள். பஸ்ஸில் போன போனுக்கு அதெல்லாம் செய்ய மாட்டார்கள்.

ஐஎம்இஐயை மாற்றிவிட்டாலும் கஷ்டம்தான். 2020-ல் மீரட்டில் ஒரே ஐஎம்இஐ எண்ணில் 13,000-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவதாகப் போலீஸ் கண்டுபிடித்தது செய்தியாக வந்ததே. இப்போது புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஐஎம்இஐயைத் திருத்தினால் 3 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

ஓரத்துக் கடை

ரைட்டர் ஐயா சொன்ன அந்த செகண்ட் ஹேண்ட் ஆள் நான்தான்!

பில் இல்லாம ஒரு கடையில வாங்கினேன். சிம் போட்டா சிக்னல் நிக்கவே இல்ல. கடைக்காரர் "சாஃப்ட்வேர் ஏத்தினா சரியாயிடும்"னார். சிம்மைப் பழைய போனுக்கே மாத்திட்டேன். கொஞ்ச நாள்ல வேற மாவட்டத்துல இருந்து போன். "சார், ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம், இந்த நம்பரை எந்த போன்ல போட்டீங்க?" கையெல்லாம் நடுங்கிடுச்சு. மரியாதையாத்தான் பேசினாங்க. கூரியர்ல அனுப்பி வையுங்க, இல்லேன்னா நேர்ல வந்து விளக்கம் சொல்லணும்னாங்க. அன்னைக்கே பேக் பண்ணி அனுப்பினேன். கடைக்காரர் பாதிப் பணம்தான் குடுத்தார், அதுக்கும் ஒரு சண்டை.

இப்ப யார் பழைய போன் வாங்கினாலும் நான் சொல்றது இதுதான்: *#06# அடிச்சு ஐஎம்இஐயைப் பாருங்க, KYM-னு இங்கிலீஷ்ல அடிச்சு, இடம் விட்டு அந்த 15 இலக்கத்தை 14422-க்கு அனுப்புங்க. பிளாக் ஆன போன்னா பதில்லயே தெரிஞ்சிடும்.

காட்பாடி பாசஞ்சர்

எனக்குக் கிடைக்கலைங்க. ராத்திரி ரயில்ல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கினேன், முழிச்சா ஒயர் மட்டும் தொங்குது. எந்த ஸ்டேஷன்ல போச்சுன்னே தெரியாது. இறங்கின ஊர் ரயில்வே போலீஸ்ல, "உங்க எல்லை எங்கன்னு தெரியலையே"ன்னு ஆரம்பிச்சாங்க. எல்லை எதுவா இருந்தாலும் புகார் வாங்கணும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடணும்னு சட்டத்துலயே இருக்கு, கேட்டதும் போட்டாங்க.

ஐபோன் அது. ரெண்டு வாரத்துல என் நம்பருக்கு ஒரு மெசேஜ், உங்க போன் கிடைச்சாச்சு, இருக்கிற இடத்தைப் பார்க்க இந்த லிங்க்கை அழுத்துங்கன்னு. ஆப்பிள் மாதிரியே பக்கம், பாஸ்வேர்டு கேட்குது. தம்பி பக்கத்துல இருந்ததால தப்பிச்சேன். பாஸ்வேர்டு இல்லாம அவனால பூட்டைத் திறக்க முடியாது, அதான் நம்மகிட்டயே கேட்கிறான். பாகம் பாகமாப் பிரிச்சு வித்திருப்பான்னு நினைக்கிறேன். சிம்மே போடலைன்னா சி.இ.ஐ.ஆர். தளத்துல எதுவும் வராது.

பழைய ரைட்டர்

காட்பாடி தம்பிக்கு: போன் நாட்டை விட்டு வெளியே போய்விட்டாலும் நம் நெட்வொர்க்கில் தெரியாது.

போனை விடப் பணத்தைப் பாருங்கள். யு.பி.ஐ. இருந்தால் முதலில் பேங்கைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டேஷன் அதற்கப்புறம்தான்.

இன்னொன்று. எஃப்.ஐ.ஆர். போட்ட போன் கிடைத்தால் கோர்ட்டில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். சி.எஸ்.ஆர். மட்டும் என்றால் ஸ்டேஷனிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். போன் கிடைத்தபிறகு அம்மணிக்குச் சீக்கிரம் கைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கொங்குக்காரி

அப்படியா சங்கதி! ஐயா, நான் ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். போன் கைக்கு வந்து என் சிம்மைப் போட்டா டவரே எடுக்கல. போன் ரிப்பேர்னு சர்வீஸ் சென்டருக்கே போயிட்டாங்க என் வீட்டுக்காரர். பிளாக் பண்ண அதே தளத்துல, அப்ப குடுத்த கோரிக்கை எண்ணைப் போட்டு நாமளேதான் அன்பிளாக் பண்ணணுமாம். அந்த எண் இருக்கிற மெசேஜை அழிச்சுடாதீங்க.