எம்.ஏ.வில் ஹாப்ஸ் முதல் ரால்ஸ் வரை: நம் மலைக்கு இது எதற்கு?

சேரம்பாடிப் பையன்:
எம்.ஏ. அரசியல் அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். நவீன அரசியல் தத்துவத் தாளில் ஹாப்ஸ், லாக், ரூசோ, பெந்தாம், மில், மார்க்ஸ், கடைசியில் ரால்ஸ். அம்பேத்கருக்கு வேறொரு தாளில் கொஞ்சம் இடம் உண்டு. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் பெயரே கிடையாது. 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டியது நம் நீலகிரியில்தான். அதே மலையில் உட்கார்ந்துகொண்டு, 1651ல் ஹாப்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதிய லெவியதானை முதல் பாடமாகப் படிக்கிறோம். எங்கள் வீடு இருப்பது பிரிவு 17 நிலத்தில், அதாவது பரம்பரை நிலவுரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய எஸ்டேட் குத்தகை நிலத்தில். பட்டா இல்லை. இலங்கையிலிருந்து வந்த பாட்டியை ஊரில் இன்னும் 'சிலோன்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் ஐரோப்பியத் தத்துவத்தில் என்ன இருக்கிறது? பாடத்தை அயோத்திதாசர், பெரியார், அம்பேத்கர் என்று தொடங்குங்கள், மற்றவர்கள் பிறகு வரட்டும் என்பது என் வாதம்.

பழைய வாத்தியார்:
தம்பி, அயோத்திதாசரைச் சேர்க்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையில்லை. ஆனால் உங்கள் பட்டா விவகாரத்துக்கும் லாக்குக்கும் சம்பந்தமில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1689ல் வெளிவந்த 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்', இரண்டாவது உரை, ஐந்தாம் அத்தியாயத்தை எடுங்கள். பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறார். கூடலூர்ப் பக்கம் காடு திருத்திக் குடியேறியவர்கள் 'நாங்க வெட்டித் திருத்தின பூமி' என்று சொல்வதில் இருப்பதும் இதே நியாயம். எதிரில் நிலம்பூர் கோவிலகம் என்ற ராஜ குடும்பத்தின் ஜென்ம உரிமை, அதாவது பரம்பரை நிலவுரிமை. அதை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய எஸ்டேட் குத்தகை நிலங்கள். ஒரு நிலத்தைச் சொந்தமாக்குவது பரம்பரையா, உழைப்பா, அரசாணையா? இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுத் தருவது அந்த அத்தியாயம்.

லாக் சொன்னால் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. 1974ல் அமெரிக்கத் தத்துவவாதி நோசிக் கேட்டார்: ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனக்குச் சொந்தமாகிவிடுமா, இல்லை, சாறுதான் வீணா? இத்தனைக்கும் நோசிக் தனிச்சொத்தின் பக்கம் நிற்பவர். மரபுக்குள்ளேயே நடக்கும் இந்த இழுபறியைப் பார்க்கத்தான் வரிசையாகப் படிக்கச் சொல்கிறோம்.

கோத்தகிரி வாசகி:
சார், பாதியைத்தான் சொன்னீர்கள். அதே அத்தியாயத்தில் அமெரிக்கப் பழங்குடிகளின் மண்ணை உழாமல் கிடக்கும் தரிசாகத்தான் லாக் பார்க்கிறார். கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர் அவர். உழுது வேலி போட்டால்தான் சொந்தம் என்றால், எருமை மேய்த்த தோடர்களுக்கு என்ன மிச்சம்? தோடர்களுக்கே இந்த மலைநிலத்தில் உரிமை என்று கலெக்டர் சல்லிவன் வாதாட வேண்டி வந்ததே, எதிரில் இருந்தவர்கள் மேய்ச்சலை உரிமையாகவே நினைக்காததால்தான். கூடலூர்க் காட்டிலும் அப்படித்தான். திருத்தியவர்களின் உழைப்பைப் பேசுகிறீர்கள். அதற்கு முன்பே அங்கிருந்த பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும்? 'பொதுவாகக் கிடக்கும் நிலம்' என்று தொடங்கும்போதே அவர்கள் கணக்கில் இல்லாமல் போகிறார்கள்.

மில்லையும் சொல்கிறேன். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம். 1859ல் 'சுதந்திரம் பற்றி' வருகிறது. பின்தங்கிய சமூகங்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவதற்கு என்றால் எதேச்சாதிகாரமும் முறையானதே என்று அதில் எழுதுகிறார். நம் பாட்டன்மார் அவர் கண்ணில் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள்? நம் பிள்ளைகள் இவரைச் சுதந்திரத்தின் காவலர் என்று மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்குகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

குன்னூர் பாசஞ்சர்:
எஸ்டேட் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் என்றால் முதலில் சம்பளம். நோட்ஸை வைத்துத் தாளை முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகட்டும். தத்துவத்தை வேலை கிடைத்த பிறகும் படிக்கலாம்.

பழைய வாத்தியார்:
பாசஞ்சர் சார், சம்பளம் முக்கியம்தான். ஆனால் நாளை அதே பிள்ளை தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தால், பட்டா கேட்டு வரும் மனு அவர் மேசைக்குத்தான் வரும். அன்றைக்கு நோட்ஸ் போதாது.

வாசகி மேடம், நீங்கள் சொன்னது அத்தனையும் மூலநூலைப் படித்தவர் சொல்லக்கூடியது. கைடில் கரோலினாவும் இல்லை, கம்பெனி உத்தியோகமும் இல்லை. படிக்காமல் ஒதுக்கினால் அந்த ஆத்திரம்கூடக் கிடைக்காது. இன்னொன்று. இந்தத் தத்துவம் நம்மைக் கேட்காமலே மலையேறி வந்தாகிவிட்டது. 1834 கோடையை மெக்காலே ஊட்டியில் கழித்தார். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, மனித இயல்பு பற்றிய சில விதிகளிலிருந்தே அரசாங்கத்தின் இலக்கணத்தை வருவித்துவிட முடியாது என்று மில்லின் அப்பாவும் பெந்தாமின் சீடருமான ஜேம்ஸ் மில்லை எதிர்த்து எழுதியவர். ஆனால் அவர் தலைமையில் தயாரான தண்டனைச் சட்ட வரைவில் பெந்தாமின் செல்வாக்கு நன்றாகவே தெரியும். 1860ல் சட்டமாகி 2024 வரை நம்மைக் கட்டியாண்டது அதுதான்.

சேரம்பாடிப் பையன்:
படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை சார். ஆள் ஆளாகப் படிப்பதில்தான் கோளாறு. கேள்வியை நடுவில் வைத்துப் படிக்கலாமே. யார் குடிமகன் என்று கேட்டுப் பாருங்கள். 1948ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றார்கள். இரண்டு அரசுகள் தலைகளைப் பங்கிட்டுக்கொண்டன. என் பாட்டியின் சம்மதத்தை யார் கேட்டது? சமூக ஒப்பந்தம் எழுதிய மூவரில் யாரிடமும் இதற்கு நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. 1951ல் ஜெர்மனியில் பிறந்த யூதச் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் சொல்கிறார்: உரிமைகளைப் பெறுவதற்கே ஓர் உரிமை வேண்டும், ஏதாவது ஓர் அரசியல் சமூகத்தில் இடம் இருந்தால்தான் மற்றதெல்லாம். பாட்டிக்குப் பொருந்துவது அது. ஆரெண்ட் எங்கள் சிலபஸில் இல்லை!

பழைய வாத்தியார்:
கேள்வியை வைத்துப் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது தம்பி. உங்களுக்கு வேண்டிய நான்கு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவீர்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை விட்டுவிட்டு ஹாப்ஸைப் படித்தால் சர்வாதிகாரத்தின் வக்கீலாகத்தான் தெரிவார். அடக்க ஓர் அதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவரிடமும் பயம் என்று அவர் அடுக்கடுக்காகக் கட்டுவதை முழுதாகத் தொடர்ந்தால்தான், எங்கே உடைக்கலாம் என்று தெரியும். ஒரு செமஸ்டருக்கு ஒரு நூலையாவது அட்டை முதல் அட்டை வரை படியுங்கள். ரால்ஸின் 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு', 1971. நான் முதலாளியா, கொழுந்து பறிப்பவளா, பணியரா என்று தெரியாத அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று விதி வகுக்கச் சொல்கிறது. பிரிவு 17ஐ அதில் வைத்துப் பாருங்கள்.

சேரம்பாடிப் பையன்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ரால்ஸ் சமூகத்தை மற்றவற்றோடு தொடர்பில்லாத மூடிய அமைப்பாக எடுத்துக்கொள்கிறார். 1993ல் வந்த நூலில் இன்னும் தெளிவு: பிறப்பால் உள்ளே வருகிறோம், இறப்பால் வெளியேறுகிறோம். கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தத் திரைக்குப் பின்னால் இடமே இல்லை. அம்பேத்கர் 1936லேயே கேட்ட சாதிக் கேள்வியும் அதில் மையமில்லை. செமினார் கட்டுரையை இதில்தான் எழுதப் போகிறேன்: ரால்ஸின் மூடிய சமூகமும் 1964 ஒப்பந்தமும். சார் சொன்னபடி முழு நூலையும் படித்துத்தான் எழுதுவேன். ஆனால் முதல் பக்கத்தில் நீலகிரி மாநாடு இருக்கும்.

கோத்தகிரி வாசகி:
நல்லது, எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. உங்கள் பாட்டிக்குக் கிடைக்க வேண்டிய நிலம் பணியர் இழந்த நிலமாகவும் இருந்தால், கட்டுரையில் அதை எந்த அத்தியாயத்தில் வைப்பீர்கள்?