புதுப்பிப்பு: சஃபாரியின் ‘டக் டக்’ சத்தம் நின்றது
வேகத்தடை இறங்கும்போதெல்லாம் என் 2008 டாடா சஃபாரி காரின் முன்பக்கம் தட்டுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். படித்த நீங்கள் ஷாக் அப்சார்பர்தான் காரணம் என்றீர்கள். அதுவும் கசிந்துதான் இருந்தது. ஆனால் தட்டியது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. விரலால் நெம்பினாலே ரப்பர் பிய்ந்து வந்தது. 1,70,000 கிலோமீட்டர் உழைத்ததே பெரிசு. எல்லாம் மாற்றியாயிற்று.

மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் வைத்தபடியே புஷ் போல்ட்டை இறுக்கப் போனார். நல்லவேளை, பக்கத்திலேயே நின்றேன். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி எடை இறங்கிய பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் டார்ஷன் பாரில் (முன்பக்கம் ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) வண்டியின் உயரம் சரிசெய்து, கடைசியாக வீல் அலைன்மென்ட். இன்னும் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. காரணம் டயரா என்று தெரிய, முன் டயர்கள் இரண்டையும் இடது வலமாக மாற்றிப் பார்க்கிறேன்.