மஞ்சளாகும் ஃபார்மமிடினியம் பெரோவ்ஸ்கைட் படலம்: பிசகு எங்கே?

மெல்படலம்:
சூரிய மின்கலத்துக்காக, டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியில் ஃபார்மமிடினியம் லெட் அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட் படலம் போடுகிறேன். கரைசல் 1.2 மோலார், கரைப்பான்கள் டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ 4:1. சுழற்சி 1000 ஆர்பிஎம்மில் 10 நொடி, 5000-இல் 30 நொடி. மொத்தத்தில் 35-ஆவது நொடியில் படிகமாக்க 150 மைக்ரோலிட்டர் குளோரோபென்சீன். பிறகு 150 டிகிரியில் 15 நிமிடம். நடுவில் பளபளவென்று கறுப்பு, ஓரமெல்லாம் பால்போல் மங்கல். வெளியே வைத்தால் இரண்டே நாளில் மஞ்சள். எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) 11.8, 12.7 டிகிரியில் பீக். எதை மாற்றுவது?

சுழலி:
மங்கலும் மஞ்சளும் வேறு வேறு கோளாறு. மங்கலுக்குக் காரணம் தாமதம்: நீங்கள் ஊற்றுவதற்குள் ஓரம் தானாகப் படிகமாகிவிடுகிறது. ஒருமுறை குளோரோபென்சீன் இல்லாமலே சுழற்றி, எந்த நொடியில் மங்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று நான்கு நொடி முன்பு ஊற்றணும். துளித்துளியாக வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, நடுவில், ஒரு நொடிக்குள் மொத்தமும். க்ளவ்பாக்ஸில் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) நாலைந்து மாதிரி போட்டதும் டிஎம்எஃப் ஆவி தேங்கி இந்த நேரம் தள்ளிப்போகும். நடுவே பர்ஜ் செய்யாமல் (தேங்கிய ஆவியை வெளியேற்றாமல்) ‘அதே ரெசிபி, வேற ரிசல்ட்’ என்று புலம்பிப் பயனில்லை.

கறுப்புக்கட்டம்:
11.8 டெல்டா கட்டம், அதாவது மஞ்சள் படிக வடிவம்; 12.7 லெட் அயோடைடு. ஃபார்மமிடினியம் அயனி, ஈயமும் அயோடினும் சேர்ந்த படிகக் கூண்டுக்குச் சற்றே பெரிது. அறை வெப்பநிலையில் மஞ்சள் கட்டம்தான் அதற்கு நிலையானது, ஈரம் பட்டால் மாற்றம் விரைவாகும். 5% சீசியம் சேருங்கள். லெட் அயோடைடுக்கு 30 மோல்% மெத்தில்அமோனியம் குளோரைடும் போட்டால் படிகம் பெரிதாக வளரும். சூட்டில் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். 2021-இல் 2% ஃபார்மேட் சேர்த்து 25.6% மின்கலச் செயல்திறன் காட்டினார்கள். ஆனால் உங்களுக்கு முதலில் சீசியம்தான். 12.7 பீக் மிகப் பெரிதாக இருந்தால் சூட்டை 10 நிமிடமாகக் குறையுங்கள், ஃபார்மமிடினியம் அயோடைடு ஆவியாகிப் போகிறது.

மெல்படலம்:
வெறும் சுழற்சியில் 29-இல் மங்குகிறது. 25-இல் ஊற்றினால் ஓரம்வரை கண்ணாடிபோல் வருகிறது, நன்றி! சீசியம் அயோடைடுதான் கரையமாட்டேன் என்கிறது.

கறுப்புக்கட்டம்:
டிஎம்எஃப்பில் நேராகப் போட்டால் அப்படித்தான். தனியாக டிஎம்எஸ்ஓவில் 1.5 மோலார் கரைசல் வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிலிட்டர் கரைப்பானுக்கு லெட் அயோடைடு 553 மி.கி., ஃபார்மமிடினியம் அயோடைடு 196 மி.கி. (முன்பு 206), அதோடு அந்தக் கரைசல் 40 மைக்ரோலிட்டர். வடிகட்ட பிடிஎஃப்இ ஃபில்டர், 0.45 மைக்ரான், பிவிடிஎஃப் ஃபில்டர் என்றால் டிஎம்எஃப் அதையே கரைத்துவிடும். நைட்ரைல் கையுறையையும் டிஎம்எஃப் சீக்கிரம் ஊடுருவும், ஈயத்தையும் கூட்டிக்கொண்டு. பட்டவுடன் மாற்றிவிடுங்கள்.