வேலாயுதம் தாத்தா குடும்பம் 🌾

7 ஜனவரி 2024, ஞாயிறு

காலை 7:12
விஜயா சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) ⚠️ ஜப்பானில் எண்ணெய் ஆலை வெடித்தது!! சிபா பகுதியில் விஷ மழை பெய்யும். வெளியே போகாதீர்கள். குடை, ரெயின்கோட் அவசியம். 10 குரூப்புக்கு அனுப்பவும் 🙏🙏
விஜயா சித்தி: [வீடியோ]
விஜயா சித்தி: அண்ணி, நம்ம நித்யா இருக்கறது இந்த ஊர்தானே

7:15
சரோஜா அத்தை: ஐயோ முருகா
சரோஜா அத்தை: நித்யா போன எடு
சரோஜா அத்தை: 18ம் தேதி எனக்கு டிக்கெட்டு

7:21
நித்யா: அம்மா கடைல நிக்கறேன். இங்க நல்ல வெயில்
குமார்: சித்தி, எங்கேர்ந்துதான் புடிக்கறீங்களோ
விஜயா சித்தி: வந்தத அனுப்புனேன். எம்மேல எதுக்குப்பா பாயற

7:34
சுந்தரம் பெரியப்பா: வீடியோ பழசு. 2011 மார்ச் 11, ஜப்பான்ல பெரிய நிலநடுக்கம் வந்த நாள். சிபால இருக்கற இச்சிஹாரால காஸ்மோ ஆயில் ரிஃபைனரி. அன்னிக்கு ஒரு எல்பிஜி உருண்டை டேங்க்ல சோதனைக்காக தண்ணி ரொப்பி வெச்சிருந்தாங்க. கேஸ் எடைக்குப் போட்ட காலு அது, தண்ணின்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை. முதல் ஆட்டத்துல காலுங்கள இழுத்துப் புடிச்ச குறுக்குக் கம்பி அறுந்துச்சு. அரை மணில வந்த அடுத்த ஆட்டத்துல காலு மடங்கி டேங்கே உக்காந்துடுச்சு. பக்கத்து பைப்பெல்லாம் ஒடஞ்சு கேஸ் வெளிய வந்து பத்திக்கிச்சு. (தொடரும்)
குமார்: அப்பா தொடரும்லாம் போடாதீங்க
கார்த்தி: 😂

7:36
விஜயா சித்தி: அப்ப விஷ மழை?
சுந்தரம் பெரியப்பா: எரிஞ்சது சமையல் கேஸ். இதே மெசேஜ் அப்பவே ஜப்பான்காரன் போன்லல்லாம் சுத்துச்சு. கம்பெனி பொய்னு மறுத்துச்சு. பன்னெண்டு வருஷம் கழிச்சு உன் போனுக்கு வந்திருக்கு
சரோஜா அத்தை: அப்ப அணு உலைன்னு டிவில சொன்னானே அண்ணே
சுந்தரம் பெரியப்பா: அது ஷிகாங்கற ஊர் உலை. புத்தாண்டு அன்னிக்கு நோட்டோல வந்த நிலநடுக்கம். ரெண்டு ரியாக்டருமே 2011லேர்ந்து ஓடல. கொட்டுனது டிரான்ஸ்பார்மர் ஆயில். முதல்ல 3,500 லிட்டர்னான், அப்புறம் 19,800ங்கறான். அதான் எனக்குப் புடிக்கல
நித்யா: அது அந்தப் பக்கத்து கடல் மாமா. இங்கேர்ந்து 300 கி.மீ. தாண்டி
சரோஜா அத்தை: ப்ளேன் எரிஞ்சதும் பழைய வீடியோவா?
நித்யா: இல்லம்மா அது நெஜம். 2ம் தேதி டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்ல. 379 பேரும் எறங்கிட்டாங்க. மோதுன கடலோரக் காவல் ப்ளேன்ல அஞ்சு பேரு போயிட்டாங்க
சரோஜா அத்தை: 😭

7:50
குமார்: ஜப்பானுக்கு இவ்ளோ பதர்றீங்க. டிசம்பர் 26 ராத்திரி எங்க எண்ணூர்ல அம்மோனியா பைப் லீக்கு. புள்ள கண்ண தொறக்க முடியாம அழுவறான், ஈரத்துண்டு போத்தி ரோட்டுக்கு ஓடுனோம். பூகம்பமும் இல்ல ஒண்ணும் இல்ல. குரூப்ல ஒரு சத்தம் இல்ல
விஜயா சித்தி: நான் கேட்டேனே
குமார்: மறுநாள் சாயந்தரம்
சுந்தரம் பெரியப்பா: ஈரத்துண்டு சரி, அம்மோனியாவ தண்ணி இழுத்துக்கும். ஆனா காத்து போற தெசைல ஓடக் கூடாது, குறுக்கால ஓடணும்
குமார்: ராத்திரி பன்னெண்டு மணிக்கு காத்து எந்தப் பக்கம்னு யாருப்பா பாப்பா

7:58
விஜயா சித்தி: அண்ணி எதுக்கும் தேதிய தள்ளிப் போடுங்களேன். பொங்கல் கழிஞ்சு நெதானமா
குமார்: 18ம் தேதியே பொங்கல் கழிஞ்சுதான் சித்தி
சரோஜா அத்தை: வளைகாப்புக்கு தேதி மாத்துனது யாராலன்னு எனக்குத் தெரியும்
விஜயா சித்தி: யாராலயாம்?
சுந்தரம் பெரியப்பா: சரோஜா விடு
சுந்தரம் பெரியப்பா: முக்கியமானத சொல்லல. அந்த இச்சிஹாரா ஆலைல கேஸ் பைப்புக்கு அவசர வால்வு ஒண்ணு உண்டு, தானா மூடிக்கணும். வால்வ இயக்கற காத்து லைன்ல லீக்குன்னு அத தொறந்தே இருக்கற மாதிரி பூட்டி வெச்சிருந்தான். கேஸ நிறுத்த முடியல. மொத்தம் 17 டேங்க் போச்சு, மார்ச் 21தான் நெருப்பு அணஞ்சது. மேல சட்டம் எழுதிக் கீழ பூட்டிட்டான். துருக்கில 1999ல இதே மாதிரி
குமார்: அப்பா துருக்கி வேணாம்

8:06
சரோஜா அத்தை: லேகியம் ரெண்டு கிலோ கிண்டிட்டேன்
விஜயா சித்தி: சுக்கு அதிகமா போடாதீங்க அண்ணி, போன தடவ தொண்டய அறுத்துச்சு
சரோஜா அத்தை: மாப்ள என்ன சொல்றாரு நித்யா
நித்யா: தூங்கறாரு
குமார்: தேதி மாத்துனா காசு புடிப்பான் அத்தை
சரோஜா அத்தை: புதன் வரைக்கும் பாப்போம். யார் வீட்லயாவது பெட்டி எடை பாக்கற மெஷின் இருக்கா?
குமார்: எங்கிட்ட இருக்கு. வந்து வாங்கிக்கங்க
சரோஜா அத்தை: எண்ணூருக்கா? இப்ப அங்க காத்து நல்லாருக்கா?