மருந்தே அடிக்காத முள்ளுக் கத்திரியிலும் சென்சார் நஞ்சு காட்டுகிறது, ஏன்?

காட்பாடி மாணவி:
எம்.எஸ்சி. கடைசி வருட பிராஜெக்ட். மின்சார விலாங்கு மீனிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியை மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) துகள்களில் ஏற்றி, கத்திரிக்காய்ச் சாற்றில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதிலேயே அசிட்டைல்தயோகோலினைச் சேர்த்து மின்னோட்டத்தை அளக்கிறேன். நொதி அதை உடைத்துத் தயோகோலின் ஆக்கும், அந்தத் தயோகோலின்தான் எலக்ட்ரோடில் மின்னோட்டம் தரும். பூச்சிமருந்து நொதியை முடக்கினால் தயோகோலின் குறையும், மின்னோட்டமும் இறங்கும். ஆனால் வேலூர் மாவட்டத்து இலவம்பாடியில் மாமா கொல்லையில் பறித்த காய், ஒரு சொட்டு மருந்து படாதது, அதிலும் இறங்குகிறது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய்க்குத் தப்பாகப் பழி போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ராணிப்பேட்டை லேப்:
"அதிலேயே" என்றீர்களே, கோளாறு அங்கேதான். கத்திரி, உருளைக் குடும்பத்துச் செடிகளில் சோலனின் மாதிரி ஆல்கலாய்டுகள் (செடியே உண்டாக்கும் நச்சுப் பொருள்கள்) உண்டு, அவையும் இந்த நொதியைப் பிடிக்கும், ஆனால் கழுவினால் விட்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அப்படியில்லை, நொதியோடு ரசாயனப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். ஊறியதும் குழாயின் பக்கவாட்டில் காந்தத்தை வையுங்கள், கருப்புத் துகள் ஒரு பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும், சாற்றைக் கொட்டிவிட்டு பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாத கரைசல்) மூன்று தடவை அலசி, அப்புறம் அளங்கள். கார்பமேட் என்ற இன்னொரு வகைப் பூச்சிமருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும் என்பதால் அலசலை இழுத்தடிக்க வேண்டாம்.

வேதியியல் வாத்தியார்:
இன்னொன்று. ஆர்கனோபாஸ்பேட்டிலேயே மோனோகுரோட்டோபாஸ் (காய்கறிக்கு அடிக்க 2005லேயே தடை) நொதியை நேராக முடக்கும். குளோர்பைரிபாஸ் அப்படியே போட்டால் அவ்வளவாக முடக்காது, உடம்புக்குள் போய் ஆக்ஸானாக (கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறிய வடிவம்) மாறிய பிறகுதான் அதன் வேலை. சாற்றில் கொஞ்சம் புரோமின் நீர் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள், மிஞ்சும் புரோமினை வைட்டமின் சி கொண்டு அடக்குங்கள். அந்த வைட்டமின் சி-யும் எலக்ட்ரோடில் மின்னோட்டம் தரும், அதையும் வெளியேற்றுவது உங்கள் காந்தம்தான். எந்த மருந்து என்று இந்தச் சென்சார் சொல்லாது, அதற்கு எல்சி-எம்எஸ் (கலவையைப் பிரித்து ஒவ்வொரு மூலக்கூறின் நிறையையும் பார்க்கும் கருவி) வேண்டும்.

அணைக்கட்டு விவசாயி:
ஏம்மா, என் தம்பி காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடித்து, எச்சில் ஒழுகி, கண்மணி கடுகாகச் சுருங்கி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் என்று ஏதோ பார்த்தார்கள். அதே சங்கதிதானா இது? அப்படியென்றால் வயலுக்கே கொண்டுவாம்மா, காய் நான் பறித்துத் தருகிறேன்.

காட்பாடி மாணவி:
அதே குடும்பத்து நொதிதான் அண்ணா. மூன்று தடவை அலசிப் பார்த்தேன், மாமா கொல்லைக் காயில் மின்னோட்டம் வெறும் பஃபரில் வந்த அளவுக்கே திரும்பிவிட்டது! சந்தையில் வாங்கிய காயில் திரும்பவில்லை. புரோமின் இன்னும் போடவில்லை, நாளைக்குப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.