காயீனியர் பற்றி அவர்கள் பக்கத்துச் சான்று ஏதாவது கிடைத்திருக்கிறதா?

வணக்கம். காயீனியர் என்ற ஆதிக் கிறிஸ்தவ ஞானவாதக் (Gnostic, இரகசிய அறிவால்தான் மீட்பு என்று நம்பிய) குழு பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன், பாதியில் நிற்கிறது. தம்பியைக் கொன்ற காயீன், யாக்கோபின் அண்ணன் ஏசா, சோதோம் நகரத்தார், கடைசியில் யூதாஸ் என வேதாகமம் பழித்தவர்களை எல்லாம் இவர்கள் போற்றினார்களாம். ஆனால் இதைச் சொல்வது முழுக்க எதிராளிகள்.

லியோன் ஆயர் இரேனியு கி.பி. 180 வாக்கில் மதபேதங்களுக்கு எதிராக எழுதிய கண்டன நூலில், முதல் நூலின் 31ஆம் அதிகாரத்தைப் பார்த்துவிட்டேன். அங்கே குழுவுக்குப் பெயரே இல்லை, 'வேறு சிலர்' என்றுதான் வருகிறது. ஞானஸ்நானத்தை எதிர்த்துப் பேசிய ஒரு பெண்ணை இந்தக் கூட்டத்தோடு சேர்த்துத் திட்டுகிறார் பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். 4ஆம் நூற்றாண்டு ஆயர் எபிபானியு நிறைய விவரம் தருகிறார். 80 மதபேதங்கள் என்று கணக்கு வைத்து எழுதியவர் அவர், அந்த எண்ணை நிரப்பக் கொஞ்சம் இழுத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

2006இல் வெளியான யூதாஸ் நற்செய்தியைத்தான் பெரிதாக நம்பினேன். இரேனியுவே அந்தப் பெயரில் ஒரு நூலைக் குறிப்பிடுகிறாரே! படித்தால் ஆதாமின் இன்னொரு மகன் சேத்தின் தலைமுறைதான் உயர்வாக வருகிறது, காயீனைக் காணோம். சரி, 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, பெரும்பாலும் ஞானவாத நூல்கள் அடங்கிய சுவடிகளின் மொழிபெயர்ப்பையும் புரட்டினேன். சோதோமியரை நல்லவர்களாகக் காட்டும் பகுதிகள் உண்டு. காயீனுக்கு அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

காயீனை உயர்த்திப் பேசும் கொப்டிக் (பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழி) அல்லது கிரேக்க மூலம், எதிராளி எழுதாதது, ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா?