கல்லூரிப் பாடத்தில் வீடியோ கேம் உத்திகள்: கைகொடுக்குமா, கெடுக்குமா?

பாடக்குறிப்பு:
கணினி அறிவியல் முதலாண்டுக்கு வகுப்பெடுக்கிறேன். ராத்திரி முழுக்க வீடியோ கேமில் ஒரே பாஸிடம் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியிடம்) திரும்பத் திரும்பத் தோற்றும் விடாமல் ஆடுகிற பையன், முதல் தேர்வில் மார்க் குறைந்ததும் அந்தப் பாடத்தையே கைகழுவி விடுகிறான். கேமில் தோற்றால் சில நொடிகளில் மறுபடி ஆடலாம், எங்கே சறுக்கினோம் என்பதும் கண்ணெதிரே தெரியும். தேர்வில் வாங்கிய மார்க்கோ செமஸ்டர் முடியும்வரை கூடவே வரும். இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேம் வடிவமைப்பாளர் லீ ஷெல்டன் இதை மாற்றிப் பார்த்தார். எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள், செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அனுபவப் புள்ளி ஏறிக்கொண்டே போகும். இதை ஏன் நாம் செய்யக்கூடாது?

தர்க்கன்:
புள்ளி, பேட்ஜ் என்று ஆரம்பித்தாலே எனக்குப் பயம்தான். ஹேனஸ், ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே பாடம், இரண்டு வகுப்பு, ஒன்றில் மட்டும் பேட்ஜும், யார் முன்னே யார் பின்னே என்று காட்டும் லீடர்போர்டும். 16 வாரம் கவனித்ததில் பேட்ஜ் வகுப்பில்தான் ஆர்வமும் திருப்தியும் குறைந்தன, ஆர்வம் குறைந்தது இறுதித் தேர்வு மார்க்கையும் கீழே இழுத்தது. 1971லேயே உளவியலாளர் எட்வர்ட் டெசி காட்டியதும் இதுதான்: புதிரை விடுவிக்கக் காசு கொடுத்துவிட்டு நிறுத்தினால், சும்மா இருக்கும்போது அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துவிடுகிறது.

கணிமாணவி:
லீடர்போர்டு பற்றி தர்க்கன் சார் சொல்வது சரி. எங்கள் வகுப்பிலும் வைத்தார்கள், மேலே இருந்த நாலைந்து பேர் போட்டி போட்டார்கள், கடைசி வரிசையில் பெயர் வந்தவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் அதே பாடத்தில் ஆட்டோகிரேடரும் இருந்தது, நிரலை ஏற்றியதும் எந்த டெஸ்ட் கேஸ் (சோதனை உள்ளீடு) ஃபெயில் என்று உடனே சொல்லிவிடும். லிங்க்டு லிஸ்டின் (சங்கிலி போல் கோத்த தரவுப் பட்டியலின்) கடைசி நோடை, அதாவது கடைசிக் கண்ணியை, நீக்குகிற ஃபங்ஷன் எழுதினேன், லிஸ்டில் ஒரே ஒரு நோடு இருக்கும்போது மட்டும் உடைந்தது. தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்து பத்துக்கு ஏழு வந்திருக்கும், மீதி மூன்று எங்கே போனது என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

தர்க்கன்:
நல்லதுதான். ஆனால் அதே ஆட்டோகிரேடரில் என்னிடம் படிப்பவர்கள் செய்வதையும் சொல்கிறேன். ஓர் இடத்தில் ஒன்றைக் கூட்டு, ஏற்று. ஃபெயில் என்று சிவப்பு வந்ததா? கழி, ஏற்று. பச்சை வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள், ஏன் பச்சை வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. தோல்வி இவ்வளவு மலிந்துவிட்டால் யோசிக்க என்ன அவசியம்? நிரல் என்றால் இயந்திரம் திருத்திவிடும், வரலாற்றுக்கு என்ன செய்வீர்கள்?

பாடக்குறிப்பு:
வரலாற்றுக்குத்தான் அருமையான வழி இருக்கிறது. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் தொடங்கிய முறையில் மாணவர்கள் கிமு 403 ஏதென்ஸின் சபை உறுப்பினர்களாகி, மூல நூல்களைப் படித்துவந்து, வாதாடி வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும். அதில் பேட்ஜுக்கு வேலையே இல்லை, படிக்காமல் வந்தால் தன் அணி தோற்கும் என்பது போதும். அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதைத் தடுக்கலாம்: ஒவ்வொரு ஃபெயிலுக்கும் காத்திருப்பு நேரம் கூடட்டும், ஏன் உடைந்தது என்று ஒரு வரி எழுதினால்தான் அடுத்த முயற்சி. லீடர்போர்டை நான் கேட்கவே இல்லை, கேட்பது மறுவாய்ப்பை.

இரவுவாசகன்:
மறுவாய்ப்பு புதிதில்லை. 1968இல் அமெரிக்க உளவியலாளர் கெல்லர் விளக்கிய முறையும் அதுதான்: ஒரு பகுதியில் தேறினால்தான் அடுத்தது, தோற்றால் தண்டனையின்றி மறுபடி எழுதலாம். அவரவர் வேகத்துக்கு விட்டதில் தள்ளிப்போட்டு நடுவிலேயே நின்றுபோனவர்கள் அதில் பெரிய தலைவலி. திருத்துகிற வேலையும் மலையாய்க் குவியும், கெல்லர் அதற்கு மாணவ உதவியாளர்களை வைத்தார். உங்களுக்கு ஆள் இருக்கிறதா?

பாடக்குறிப்பு:
இரண்டாமாண்டு மாணவர்களைக் கேட்கப்போகிறேன். சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கும் பாடம் தெளியும். தள்ளிப்போடுவதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் கடைசித் தேதி வைத்துவிடுகிறேன்.

தர்க்கன்:
அப்படியானால் ஒன்று செய்யுங்கள். செமஸ்டர் முடிவில் ஆட்டோகிரேடர் இல்லாமல், தாளில், அவர்கள் பார்த்தே இராத ஒரு கணக்கைக் கொடுங்கள். அதை எழுதிவிட்டார்கள் என்றால் நானும் என் வகுப்பில் மறுவாய்ப்பு தருகிறேன். பேட்ஜ் மட்டும் கிடையாது.

கணிமாணவி:
அந்தத் தாளையும் திருத்திக் கையில் கொடுங்கள் சார். மார்க்கை மட்டும் போர்டில் ஒட்டாதீர்கள்.